பேஸ்பால் வீரர்களும் ஸ்டீராய்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் பேச்சை எடுத்தாலே பலர் முதலில் கேட்பது ஆட்டத்தைப் பற்றி அல்ல, "அவங்க எல்லாரும் ஊசி போட்டுத்தானே ஆடினாங்க?" என்றுதான். பிள்ளைகளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு மைதானத்து வேலியோரம் நிற்கும் பெற்றோர், ஆபீசில் கூட வேலை செய்பவர்கள், ஊரிலிருந்து போனில் பேசும் தம்பி என எல்லோருக்கும் அதே சந்தேகம். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தானே ஒப்புக்கொண்டது, சோதனையில் மாட்டியது, அவரைப் பற்றி இன்னொருவர் சொன்னது, இவை மூன்றும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் இந்த விஷயத்தில் எதுவுமே பிடிபடாது.

எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அங்க என்னதான் நடந்துச்சு?

ஹோம் ரன் என்பதை நம்ம சிக்ஸர் போல நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிட அரிது. ஒரு சீசனில் அதிக ஹோம் ரன் என்ற சாதனை 1927 முதல் பேப் ரூத்திடம் இருந்தது: 60. அதை 1961-ல் ராஜர் மாரிஸ் 61 ஆக்கினார். அடுத்த 36 ஆண்டுகள் யாரும் அதைத் தாண்டவில்லை.

1998-ல் மார்க் மக்வயர் 70, சாமி சோசா 66. அடுத்த ஆண்டு அதே இருவர் 65, 63. 2001-ல் பாரி பாண்ட்ஸ் 73, சோசா 64. நான்கே ஆண்டுகளில் ஆறு முறை 61 தாண்டப்பட்டது. அந்த மூவர் மேலும் பின்னாளில் ஊக்கமருந்துச் சந்தேகம் விழுந்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரையிலான அந்தக் காலத்தைத்தான் 'ஸ்டீராய்டு காலம்' என்கிறார்கள்.

ஸ்டீராய்டுன்னா ஆஸ்துமாவுக்கு டாக்டரே குடுக்கறதுதானே? அதுல என்ன தப்பு?

அது வேறு, இது வேறு. ஆஸ்துமாவுக்கும் தோல் அலர்ஜிக்கும் தருவது வீக்கத்தைக் குறைக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டு. நாம் பேசுவது அனபாலிக் ஸ்டீராய்டு. ஆண்களின் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனைப் போலவே செயற்கையாகச் செய்யப்பட்டது. தசையைப் பெருக்கும், உடற்பயிற்சியால் வந்த களைப்பைச் சீக்கிரம் ஆற்றும். வளர்ச்சி ஹார்மோனும் இதே பட்டியலில்தான் பேசப்படும், ஆனால் அது ஸ்டீராய்டு இல்லை.

மசில் இருந்தா போதுமா? பந்து பேட்ல படணுமே?

நியாயமான கேள்வி. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைக் கண்ணால் படித்து அடிக்கும் திறமையை எந்த ஊசியும் தராது. பாண்ட்ஸ் சந்தேகம் எழுவதற்கு முன்பே ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். ஆனால் கணக்கைப் பாருங்கள். பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால், நல்ல உயரத்தில் அடிக்கப்பட்ட பந்து சுமார் ஐந்து அடி கூடுதலாகப் போகும். மூன்று நான்கு மைல் கூடினால் பதினைந்து இருபது அடி. வேலிக்கு முன்னால் கேட்ச் ஆகியிருக்க வேண்டிய பந்து வேலிக்கு அப்பால் விழுகிறது. சீசன் முழுக்க அப்படிப் பத்துப் பந்து போனால் போதும், 40 அடிப்பவர் 50 அடிப்பவர் ஆகிவிடுவார்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஆறு மாதத்தில் 162 ஆட்டம். ஆகஸ்ட் வந்தால் உடம்பு ஓய்ந்துவிடும். மருந்து எடுத்த பலர் சொன்ன காரணம் பலம் அல்ல, காயத்திலிருந்து சீக்கிரம் எழுந்து வருவதுதான். அதனால்தான் மாட்டியவர்களில் பந்து வீசும் பிட்ச்சர்களும் நிறைய.

அப்ப ஸ்டீராய்டு கூடாதுன்னு ரூலே இல்லையாமே?

பாதி உண்மை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அனபாலிக் ஸ்டீராய்டு வைத்திருப்பது 1990-ல் வந்த அமெரிக்கச் சட்டப்படியே குற்றம். 1991-ல் அமெரிக்காவின் உச்சப் பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கின் அப்போதைய கமிஷனர், அதாவது தலைவர், ஃபே வின்சென்ட், பேஸ்பாலில் இது தடை என்று எல்லா அணிகளுக்கும் குறிப்பு அனுப்பினார். ஆகவே "தப்பென்றே தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சோதனை கிடையாது. சோதனைக்கு வீரர்கள் சங்கத்தின் சம்மதம் வேண்டும். காரணமே இல்லாமல் ஒரு தொழிலாளியின் சிறுநீரைக் கேட்பது அவனது அந்தரங்கத்தில் கை வைப்பது என்று சங்கம் எதிர்த்தது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மருந்து எடுக்காத உறுப்பினரையும் அந்தச் சங்கம்தான் காப்பாற்றியிருக்க வேண்டும்; அதைச் செய்யவில்லை. 2002-ல்தான் ஒப்பந்தம் வந்தது. 2003-ல் பெயர் வெளியிடாத, தண்டனை இல்லாத முதல் சுற்றுச் சோதனை நடந்தது.

1998-ல அத்தனை பேர் கொண்டாடினாங்களே. யாருக்குமே சந்தேகம் வரலையா?

வந்தது. அந்த ஆகஸ்டில் மக்வயரைச் சுற்றிப் பத்திரிகையாளர்கள் கூட்டமாக நின்றபோது, அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டீன் திறந்திருந்த லாக்கரின் தட்டில் ஒரு பாட்டிலைப் பார்த்தார். லேபிளில் இருந்த பெயரைக் குறித்துக்கொண்டு போய் விசாரித்தார். ஆண்ட்ரோஸ்டீன்டையோன், உடலுக்குள் போய் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடியது. அப்போது அது கடையில் யாரும் வாங்கக்கூடிய பொருள். ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் தடை, பேஸ்பாலில் தடை இல்லை.

மக்வயர் அதை எடுப்பதாக ஒப்புக்கொண்டார். திட்டு யாருக்கு விழுந்தது தெரியுமா? வில்ஸ்டீனுக்கு. அடுத்தவர் லாக்கரை எட்டிப் பார்த்தார் என்று. 1994 வேலைநிறுத்தத்தில் அந்த ஆண்டின் இறுதிப் போட்டியான உலகத் தொடரே ரத்தாகி, ரசிகர்கள் மனம் வெறுத்துப் போயிருந்த நேரம் அது. ஹோம் ரன் போட்டி அவர்களைத் திரும்ப மைதானத்துக்கு இழுத்து வந்தது. அணி முதலாளிகளுக்கு வசூல், தொலைக்காட்சிக்குப் பார்வையாளர், ரசிகனுக்குச் சந்தோஷம். கேள்வி கேட்க யாருக்கும் மனமில்லை. ஆண்ட்ரோ மட்டுமல்ல, அந்த 1998 சீசனில் ஸ்டீராய்டும் எடுத்தேன் என்று மக்வயர் 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்.

பால்கோ பால்கோன்னு சொல்றாங்களே, அது என்ன?

சான் ஃபிரான்சிஸ்கோ அருகே பர்லிங்கேமில் விக்டர் கான்டி என்பவர் நடத்திய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பெயர். 2003 செப்டம்பரில் ஃபெடரல் அதிகாரிகள் அங்கே சோதனை போட்டார்கள். நாக்கின் அடியில் விடும் ஒரு திரவம், தோலில் தடவும் ஒரு களிம்பு, இரண்டும்தான் அங்கே பேர்போனவை. அந்தத் திரவம் டி.எச்.ஜி. என்ற புதிய ஸ்டீராய்டு. எந்தச் சோதனையிலும் சிக்காதபடி செய்தது. தடகளப் பயிற்சியாளர் ஒருவர் மிச்சம் ஒட்டியிருந்த ஒரு சிரிஞ்சை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு அனுப்பிவைத்தார். லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகத்தில் டான் கேட்லின் குழு அதைப் பிரித்துக் கண்டுபிடித்த பிறகுதான் குட்டு உடைந்தது.

பாண்ட்ஸ் மேல லீக் நடவடிக்கையே எடுக்கலையே. அப்புறம் எப்படி அவரைத் திருடன்னு சொல்றீங்க?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஸ்டீராய்டுக்காக லீக் அவரை ஒரு நாள்கூடத் தடை செய்ததில்லை. அவரது பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் பால்கோ வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாண்ட்ஸ் 2003-ல் விசாரணைக் குழு முன் சொன்னது: ஆண்டர்சன் கொடுத்ததை ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலிக் களிம்பு என்றும் நினைத்தேன். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து ஆண்டர்சன் மீண்டும் மீண்டும் சிறைக்குப் போனார். 2011-ல் நடுவர் குழு பாண்ட்ஸை விசாரணைக்கு இடையூறு செய்ததாக ஒரு குற்றச்சாட்டில் மட்டும் குற்றவாளி என்றது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது.

ஆகச் சட்டப்படி அவர் குற்றவாளி இல்லை. ஆனால் திரவமும் களிம்பும் தன் உடலில் போனதை அவரே மறுக்கவில்லை, தெரியாது என்றுதான் சொன்னார். உணவையும் உடலையும் அவ்வளவு கவனித்த ஒரு மனிதருக்கு அது தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. இது என் கருத்து, தீர்ப்பு அல்ல.

மிட்செல் அறிக்கையில பேர் வந்தவங்க எல்லாரும் மாட்டினவங்கதானா?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். லீக் கேட்டுக்கொண்டதால் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் விசாரித்து 2007 டிசம்பர் 13 அன்று 409 பக்க அறிக்கை கொடுத்தார். அதில் 89 வீரர்களின் பெயர். பெரும்பாலான வீரர்கள் அவரிடம் பேச மறுத்துவிட்டார்கள். ஆகவே அறிக்கை பெரிதும் இரண்டு பேர் வாக்குமூலத்தில் நின்றது: நியூயார்க் மெட்ஸ் அணியில் முன்பு ஓய்வறை உதவியாளராக இருந்த கர்க் ரடோம்ஸ்கி, பயிற்சியாளர் பிரையன் மக்நமீ. ரடோம்ஸ்கியிடம் காசோலைகளும் தபால் ரசீதுகளும் இருந்தன. அது கனமான ஆதாரம். எல்லாப் பெயருக்கும் அந்தக் கனம் இல்லை.

பிட்ச்சர்கள் ராஜர் கிளெமென்ஸையும் ஆண்டி பெட்டிட்டையும் பாருங்கள். மக்நமீ இருவரையும் சொன்னார். பெட்டிட் வளர்ச்சி ஹார்மோன் எடுத்ததை ஒப்புக்கொண்டார். கிளெமென்ஸ் மறுத்தார், நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்தும் மறுத்தார். பொய்ச் சாட்சி என்று வழக்கு வந்தது. 2012 ஜூனில் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்.

104 பேர் ரகசியப் பட்டியல்னு ஒண்ணு இருக்காமே? அதை வெளியிட வேண்டியதுதானே?

2003-ல் நடந்த தண்டனை இல்லாத சோதனை என்றேனே, அதன் பட்டியல். பெயர் வெளிவராது என்று எழுதிக் கொடுத்துத்தான் வீரர்களிடம் மாதிரி வாங்கினார்கள். பால்கோ விசாரணைக்காகப் பத்துப் பேர் விவரம் தேடிப் போன அதிகாரிகள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அது தவறு என்று பின்னர் நீதிமன்றமே சொன்னது. அப்புறம் ஒவ்வொரு பெயராகப் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அலெக்ஸ் ராட்ரிகஸ் பெயர் 2009-ல் வந்தபோது, 2001 முதல் 2003 வரை எடுத்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். டேவிட் ஆர்டிஸ் மறுத்தார். அந்தப் பட்டியலில் சில முடிவுகள் உறுதியானவை அல்ல என்று இப்போதைய கமிஷனர் ராப் மான்ஃப்ரெட் 2016-ல் சொன்னார்.

வெளியிடக் கூடாது என்பதே என் நிலை. வாக்குக் கொடுத்து வாங்கியதை வாக்கு மீறி வெளியிட்டால், நாளைக்கு யார் நம்பி மாதிரி கொடுப்பார்கள்?

ஒருத்தர் விரலை நீட்டிப் பேசினாரே, அவர் யாரு?

ரஃபேல் பால்மேரோ. 2005 மார்ச் 17, அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன். முன்னாள் வீரர் ஹோசே கன்சேகோ தன் நூலில் அவர் பெயரைச் சொல்லியிருந்தார். பால்மேரோ உறுப்பினர்களை நோக்கி விரலை நீட்டி, நான் ஸ்டீராய்டு எடுத்ததே இல்லை என்றார். பக்கத்தில் இருந்த மக்வயர், பழைய கதை பேச வரவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஜூலையில் பால்மேரோ பெரிய மைல்கல்லான தன் 3,000-ஆவது ஹிட்டை அடித்தார். ஆகஸ்ட் முதல் தேதி அவர் ஸ்டனோசலால் சோதனையில் மாட்டிய செய்தி வந்தது. பத்து நாள் தடை. கௌரவத்தோடு முடிந்திருக்க வேண்டியது அவரது ஆட்ட வாழ்வு. அந்த ஆண்டோடு அப்படியே நின்றுபோனது.

இப்ப டெஸ்ட் எப்படி எடுக்கறாங்க? ஏமாத்தவே முடியாதா?

முன்னறிவிப்பு இல்லாமல் ஆள் வருவார், பக்கத்தில் நின்று பார்க்க, வீரர் சிறுநீர் கொடுக்க வேண்டும். அது இரண்டு பாட்டிலில் முத்திரையிடப்பட்டு ஆய்வகம் போகும். முதலில் டெஸ்டோஸ்டிரோனுக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று. நான்கைத் தாண்டினால் சந்தேகம். அடுத்து கார்பனைப் பார்ப்பார்கள். செயற்கை டெஸ்டோஸ்டிரோன் சோயா போன்ற தாவரப் பொருளிலிருந்து செய்யப்படுவதால், அதன் கார்பன் கலவை மனித உடலில் சுரப்பதிலிருந்து வேறுபடும். அது பொய் சொல்லாது. 2013 முதல் சீசன் நடுவிலும் வளர்ச்சி ஹார்மோனுக்கு ரத்தச் சோதனை உண்டு. முதல் முறை மாட்டினால் 80 ஆட்டம், இரண்டாம் முறை 162, மூன்றாம் முறை நிரந்தரத் தடை. தடைக் காலத்தில் சம்பளம் கிடையாது.

ஏமாற்ற முடியுமா என்றால், சில சமயம் முடிந்திருக்கிறது. 2011-ல் ரயன் பிரான் என்ற வீரரின் மாதிரியில் ஊக்கமருந்து இருப்பதாக முடிவு வந்தது. ஆனால் சனிக்கிழமை மாதிரி எடுத்தவர், கூரியர் அன்று போகாது என்று நினைத்துத் தன் வீட்டில் வைத்திருந்து திங்கட்கிழமை அனுப்பினார். முத்திரை உடையவில்லை. ஆனாலும் நடைமுறை மீறப்பட்டது என்று பிரான் ஜெயித்துவிட்டார். மாதிரி எடுத்தவர் மேல்தான் பழி விழுந்தது. 2013-ல் பிரான் மாட்டினார், ஒப்புக்கொண்டார், 65 ஆட்டம் தடை பெற்றார். அந்த ஊழியருக்கு நடந்த அநியாயம் என்னை இன்றும் உறுத்துகிறது.

அவ்வளவு டெஸ்ட் இருந்தும் ராட்ரிகஸ் எப்படித் தப்பிச்சார்?

டெஸ்டில் மாட்டவில்லை, நோட்டுப் புத்தகத்தில் மாட்டினார். மயாமி பக்கம் பயோஜெனிசிஸ் என்ற கிளினிக். நடத்தியவர் டோனி பாஷ், மருத்துவர் உரிமம் இல்லாதவர். நாவில் கரையும் டெஸ்டோஸ்டிரோன் மாத்திரையைச் சின்ன அளவில், சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போகும்படி நேரம் பார்த்துக் கொடுத்தார். 2013 ஜனவரியில் மயாமி நியூ டைம்ஸ் பத்திரிகை அவர் கையெழுத்துக் குறிப்புகளை வெளியிட்டது. அந்த ஆகஸ்டில் ஒரே நாளில் 12 பேர் 50 ஆட்டத் தடையை ஏற்றார்கள். ராட்ரிகஸ் 211 ஆட்டத் தடையை எதிர்த்தார், அது 162 ஆனது; 2014 சீசன் முழுக்க ஆடவில்லை. பாஷுக்கு நான்கு ஆண்டு சிறை. அவரிடம் மருந்து வாங்கியவர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தார்கள்.

"தெரியாம சாப்பிட்டுட்டேன்"னு சொல்றவங்களை நம்பலாமா?

சிலரை நம்பலாம், ஆனால் தண்டனை மாறாது. உடலுக்குள் போனதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. 2022-ல் ஃபெர்னான்டோ டடீஸ் ஜூனியர் கிளோஸ்டெபாலில் மாட்டி, படர்தாமரைக்குப் போட்ட மருந்தில் இருந்தது என்றார். 80 ஆட்டம் போயிற்று. நம்ம ஆட்கள் ஷேன் வார்ன் 2003-ல் சொன்னதை நினைவு வைத்திருப்பார்கள்: எடை குறைய அம்மா கொடுத்த மாத்திரை. சிறுநீரைப் பெருக்கும் மருந்து வேறு மருந்தை மறைக்கவும் உதவும் என்பதால் அதுவும் தடைதான்.

எல்லாருமே போட்டாங்கன்னா எல்லாருக்கும் சமம்தானே? இதுல யாருக்கு நஷ்டம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். எல்லோரும் போடவில்லை. 2003 சோதனையில் மாட்டியவர்கள் ஐந்து முதல் ஏழு சதவீதம். சோதனை வரப்போவது தெரிந்து முன்கூட்டியே நிறுத்தியவர்களைச் சேர்த்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், பெரும்பாலானவர்கள் போடாதவர்கள்தான்.

நஷ்டம் பாண்ட்ஸுக்கும் மக்வயருக்கும் இல்லை. அணியின் 25-ஆவது இடத்துக்குப் போட்டியிட்ட ஆளுக்கு. 2003-ல் மேஜர் லீக்கில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 3 லட்சம் டாலர். அதற்கு ஒரு படி கீழே மைனர் லீக்கில், பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடுபவனுக்குக் கிடைத்தது அதில் ஒரு துளி. சம திறமையுள்ள இருவரில் ஊசி போட்டவன் மேலே போனான், போடாதவன் முப்பது வயதில் வேறு வேலை தேடிப் போனான். அவன் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. டொமினிகன் குடியரசில் 16 வயதில் ஒப்பந்தம் கிடைத்தால்தான் குடும்பம் நிமிரும் என்ற நிலையில் உள்ள பையன்களுக்கும் இதே நெருக்கடி. அவர்களுக்கு ஊசி போட்டுவிடுவது பெரியவர்கள்.

உடம்புக்கு நிஜமாவே கெடுதலா, சும்மா பயமுறுத்தறாங்களா?

நிஜம்தான். இதயம் வீங்கும், நல்ல கொழுப்பு குறையும், மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் கெடும், விந்தகம் சுருங்கும். நிறுத்தியதும் உடம்பு தானாகச் சுரக்க நாளாகும். அந்த இடைவெளியில் கடும் மனச்சோர்வு வரலாம். 1996-ல் தன் லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கிய கென் கேமினிட்டி, அந்த ஆண்டு ஸ்டீராய்டு எடுத்ததை 2002-ல் தானே சொன்னார். பெரிய வீரர்களில் முதலில் வெளிப்படையாகப் பேசியவர் அவர். 2004-ல் 41 வயதில் இறந்தார். போதைப்பொருள் அளவு மீறியதே காரணம், இதய நோயும் சேர்ந்திருந்தது. ஸ்டீராய்டே கொன்றது என்று சொல்ல முடியாது.

பாண்ட்ஸ் வெளியே, ஆர்டிஸ் உள்ளே. ஹால் ஆஃப் ஃபேம்ல என்ன நியாயம் இது?

ஹால் ஆஃப் ஃபேம் என்பது தலைசிறந்தவர்களுக்கான கௌரவ மண்டபம். நியூயார்க் மாநிலம் கூப்பர்ஸ்டவுனில் உள்ள அந்தக் கௌரவத்துக்குப் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கிறார்கள்; 75 சதவீதம் வேண்டும். 2022 ஜனவரியில், கடைசி வாய்ப்பில், பாண்ட்ஸ் 66 சதவீதம், கிளெமென்ஸ் 65.2. முதல் வாய்ப்பிலேயே ஆர்டிஸ் 77.9. ஆர்டிஸ் மீதுள்ளது கசிந்த பட்டியல் மட்டுமே, அதன் நம்பகம் பற்றி முன்பே சொன்னேன். தண்டனைக்குரிய சோதனை வந்த பிறகு பத்து ஆண்டுக்கு மேல் ஆடியும் அவர் மாட்டவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் புரிகிறது.

புரியாதது ஒன்று. இவை எல்லாம் நடந்தபோது கமிஷனராக இருந்த பட் சீலிக் 2017-ல் உள்ளே போனார். கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கு இடம், அவர் கண்முன் ஆடியவருக்கு இல்லை என்பது சரியல்ல.

அந்தச் சாதனைகளை அழிச்சிடலாமே?

அழித்தால் அந்தப் பந்தை வீசியவன் கணக்கு, அந்த ஆட்டத்தின் வெற்றி தோல்வி எல்லாம் என்ன ஆவது? பாண்ட்ஸ் 2007-ல் ஹேங்க் ஆரனின் வாழ்நாள் ஹோம் ரன் சாதனையான 755-ஐத் தாண்டி அடித்த 756-ஆவது பந்தை மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர் ஏழரை லட்சம் டாலருக்கு வாங்கினார். மக்களிடம் வாக்கெடுத்து, இந்தச் சாதனையில் சந்தேகம் உண்டு என்று காட்டும் நட்சத்திரக் குறியை அதன் தோலில் பதித்துக் கூப்பர்ஸ்டவுனுக்கே கொடுத்தார். 2022-ல் ஆரன் ஜட்ஜ் 62 அடித்தபோது, இதுதான் உண்மையான சாதனை என்று ராஜர் மாரிஸின் மகன் சொன்னார். பதிவேட்டில் 73 இருக்கட்டும். எதை மதிப்பது என்பதை ஒவ்வொரு ரசிகரும் தானே முடிவு செய்யலாம்.

என் பையன் ஹை ஸ்கூல் டீம்ல ஆடறான். நான் என்ன கவனிக்கணும்?

டெக்சாஸில் டெய்லர் ஹூட்டன் என்ற பள்ளிப் பிட்ச்சர் 2003-ல் 17 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். ஸ்டீராய்டை நிறுத்திய பின் வந்த மனச்சோர்வே காரணம் என்று பெற்றோர் நம்பினார்கள். பால்மேரோ விரலை நீட்டிய அதே நாடாளுமன்ற விசாரணையில் அவன் அப்பாவும் பேசினார்.

சில வாரங்களில் எடை வேகமாகக் கூடுவது, முதுகிலும் தோளிலும் திடீர்ப் பருக்கள், சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது, அறையில் சிரிஞ்சு, இவற்றில் எது தெரிந்தாலும் கத்தாமல் உட்கார்ந்து பேசுங்கள். "இன்னிக்கே நிறுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், நிறுத்திய பிறகான மாதங்களில் பக்கத்திலேயே இருங்கள். புரோட்டீன் பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 'என்.எஸ்.எஃப். சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்' முத்திரை டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேஜர் லீக் வீரர்களுக்கும் அதையேதான் சொல்கிறார்கள்.